இடமாகச் சுற்றிய அம்புகள்

டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பெட்டியை வைத்திருந்தேன். அடுப்பில் அவியல் கொதிக்கிற வாசனையும் மேஜையில் மரப்பசை வாசனையும் கலந்து வீடே ஒரு மாதிரி இருந்தது.

டேப்புக்கு அடியிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் குட்டிக் குட்டி அம்புகள் வெளியே வந்தன. நான் மரத்தில் பதித்த அந்தக் கரை நெல்மணி அகலம்தான். மூடியின் நான்கு ஓரத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கலையாமல் ஓடியது. மூலைகளில் பிசிறு இல்லை. என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

அப்புறம்தான் அவை எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்தேன்.

இடமாக ஓடின. கோயிலில் நாம் சுற்றுவதற்கு நேர் எதிராக.

வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "கொள்ளாமே" என்றார். எங்கள் ஊரில் நன்றாயிருக்கிறது என்பதற்கு அதுதான் சொல். பிறகு மூடிக்கு மேலே விரலை வைத்து, அம்பு போகிற வழியே ஒரு சுற்றுச் சுற்றினார். பாதியில் விரல் நின்றது.

"எட்டீ, இது எங்க அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும்போ நான் சுத்தின சுத்துல்லா?"

எதை எந்த நேரத்தில் சொல்லக்கூடாதோ அதை அந்த நேரத்தில் சொல்வது அவர் வழக்கம். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்தவர். கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, முன்பு முப்பது பேரிடம் பேசிக்கொண்டிருந்ததை எல்லாம் என் ஒருத்தியிடமே பேசுகிறார்.

மணி எட்டரை. பதினொன்றரைக்கு ரத்தினபாய் டீச்சர் வருவதாக இருந்தது. என் மகள் உமாவின் மாமியார். கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அந்தப் பெட்டி அவருக்காகச் செய்தது.

ஒரு பெஞ்சின் இரண்டு முனை

ஏன் அவ்வளவு நாள் வரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் வண்டவாளத்தையே எழுதிவந்திருக்கிறேன். ஒரு வாரமாவது என்னுடையதை எழுத வேண்டாமா.

உமா தன்னோடு வேலை பார்த்த சாம் என்ற பையனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அவன் வீடு பாறசாலைக்குப் பக்கம். அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து வலியசாலையில் குடியேறிய, முட்டைகூட வாங்காத குடும்பம். ஆறு மாதம் நான் அழுதேன், வீட்டுக்காரர் பேசவில்லை, உமா அசையவில்லை. கடைசியில் இரண்டு மதத்துக்கும் சேராத பொது இடமாக ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் என்று முடிவானது.

அங்கே ஒரு நீள பெஞ்சு. இந்த முனையில் நான், அந்த முனையில் டீச்சர். நடுவில் நான்கு பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. கையெழுத்துப் போட்டு முடிந்து வெளியே வந்தால் மழை தூறிக்கொண்டிருந்தது. டீச்சர் படிக்கட்டில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து எங்கள் வீடு ஆட்டோவில் பத்து நிமிஷம்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் என் கைப்பையைப் பார்த்தேன்.

"அப்போ வரட்டுமா?" என்றார் டீச்சர்.

"சரி" என்றேன்.

மீட்டர் பார்க்க வருகிறவருக்கே மோர் கொடுத்து அனுப்புகிறவள் நான். மகளைக் கொடுத்த வீட்டுக்காரியை வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் உமாமேல். அவளிடம் காட்ட முடியாததால் டீச்சரிடம் காட்டிவிட்டேன். அவர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு சாயா குடித்துவிட்டு ஊருக்குப் போனார் என்று பிறகு உமா சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னாள். அதுதான் இன்னும் உறைத்தது.

அதற்குப் பிறகு ஓணத்துக்குக் கூப்பிட்டேன். முட்டுவலி என்றார். தீபாவளிக்குக் கூப்பிட்டேன். சர்ச்சில் பெண்கள் கூட்டம் என்றார். சண்டை ஒன்றும் இல்லை. போனில் சுகம் விசாரிப்பார், பேச்சில் மரியாதை ஒரு துளி குறையாது. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மரத்தில் கரை போடுவது

பெட்டி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் ஓய்வு பெற்றது ஒரு அரசாங்க ஆபீசின் வரைபடப் பிரிவிலிருந்து. சர்வீஸ் முழுக்கக் கோடு போட்டவள். ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. உமா போனில் காட்டிய ஒரு வீடியோவில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மேஜை ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு பதித்துக்கொண்டிருந்தார். அதற்கு அவர்கள் ஊரில் ஸ்டிரிங்கிங் என்று பெயராம். எனக்கு அது சேலைக் கரையாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து கரை என்றே சொல்கிறேன்.

செய்முறை பார்க்க எளிது. மரத்தைக் காகிதக் கனத்தில் சீவி விற்கிறார்கள், வெனீர் என்று. ஈட்டி மரத்தில் சீவியது கறுப்பாக இருக்கும். வெப்பாலை, தேங்காய்ப் பத்தை நிறத்தில் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பசை தடவி அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் திருகாணியை முறுக்கி இறுக்கி ஒரு நாள் விட்டால் வரிவரியாக ஒரு கட்டை கிடைக்கும். அதைச் சாய்வாக அறுத்தால் சாய்கோடு. இரண்டு சாய்வை எதிரும் புதிருமாகச் சேர்த்து ஒட்டினால் அம்பு. மேலும் கீழும் ஒரு கறுப்பு வெனீர் வைத்து அழுத்தி, காய்ந்த பிறகு பக்கவாட்டில் ஈர்க்குச்சிபோல மெல்லிசாக அறுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு ஈர்க்கிலும் அதே அம்பு வரிசை இருக்கும்.

எழுதும்போது ஒரு பத்தி. செய்யும்போது ஒரு மாதம். பசை கூடினால் வழுக்கும், குறைந்தால் பிளக்கும். ரம்பம் ஒரு மயிரிழை சாய்ந்தால் அம்பு கூன் போடும். என் முதல் கட்டை அறுத்ததும் பரோட்டாபோல இதழிதழாகப் பிரிந்தது.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு. "என்ன, இன்னைக்கு எத்தனை ஈர்க்குச்சி வெளஞ்சது?" என்பார். ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து மேஜையில் கையைத் துழாவி, நான் மூன்று நாள் பாடுபட்டு எடுத்த ஈர்க்கு ஒன்றை ஒடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார். நான் நின்ற நிலையைப் பார்த்து, "நல்ல உறுதியாத்தான் இருக்கு பாத்துக்கோ" என்றார். அன்று சாயங்காலம் அவருக்குக் காப்பி இல்லை.

டீச்சருக்கு ஒரு தையல் பெட்டி செய்து கொடுப்பது என்று முடிவு செய்தது நான்தான். வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வராதவர்கள் இப்படிக் கையால் ஏதாவது செய்துகொண்டிருப்போம். பெட்டியைத் தச்சரிடம் பலாவில் செய்து வாங்கினேன். கரை என் பொறுப்பு. உமா அதை மாமியாரிடம் சொல்லிவிட்டாள். "தையல் பெட்டியா?" என்று இரண்டு தரம் கேட்டாராம். பிறகு, "ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வாறேன்னு சொல்லு" என்றாராம்.

அந்த ஞாயிறுதான் இது. அந்தப் பெட்டிதான் இது. சாவு வீட்டுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தது.

பிழை பார்க்கிறவளின் பிழை

எப்படி நடந்தது என்று எனக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான்கு ஈர்க்கையும் ஒவ்வொன்றாக மூடி ஓரத்தில் செதுக்கிய காடிப் பள்ளத்தில் இறக்கினால் மூலை சேராது என்று, முன்கூட்டியே ஒரு டேப்பில் சேர்த்து ஒட்டி, மொத்தமாக இறக்கலாம் என்று நினைத்தேன். டேப்பைப் பசைப் பக்கம் மேலே தெரிய மேஜையில் விரித்து, அதன்மேல் நான்கையும் வலமாக அடுக்கினேன். அம்பு வலமாகத்தான் போகிறதா என்று மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு மேல் பக்கத்தில் பசை தடவி, அப்படியே கவிழ்த்துக் காடியில் இறக்கினேன்.

கவிழ்த்தால் வலம் இடமாகும். ஆபீசில் டிரேசிங் தாளைத் திருப்பி வைத்து வடக்கு வாசலைத் தெற்கே வரைந்துவிட்ட எத்தனை பேரைத் திருத்தியிருக்கிறேன். ஒருவரை அழவே வைத்திருக்கிறேன். அவர் இதைப் படித்தால் சந்தோஷப்படட்டும்.

"டீச்சர்ட்ட சொல்லாண்டாம்" என்றார் வீட்டுக்காரர். "அவங்க வேதக்காரங்கல்லா. அவங்களுக்கு வலமென்ன இடமென்ன."

உமாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, ஓவராக்கல்லே, ரொம்பப் பண்ணாதே" என்றாள். "அவங்க அதொண்ணும் நோக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்லை, நோக்குவாங்க. ஒரு நூல் கோணினாலே நோக்குவாங்க."

எனக்கு விஷயம் அதுவல்ல. டீச்சருடைய அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் நம்மவர்கள். எந்தச் சுற்று எதற்கு என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. கூப்பிடாமல் விட்ட குற்றத்துக்குப் பரிகாரமாக இப்படி ஒன்றைக் கையில் கொடுத்தால், வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது. அவருக்குத் தெரியவே தெரியாது என்றாலும், எனக்குத் தெரியும். ஒருதரம் வாயை மூடிக்கொண்டு அவரை அனுப்பியாயிற்று. மறுபடியும் வாயை மூடிக்கொண்டு கொடுக்க மனசு வரவில்லை.

டீச்சர் வந்தார்

பதினொன்றரை என்றால் பதினொன்றரைக்கு வந்தார். சாம் காரில் இறக்கிவிட்டு, உமா சொன்ன ஏதோ சாமான் வாங்கப் போனான். கஞ்சி போட்ட சந்தன நிறச் சேலை, ஊதா நூல் கரை. செருப்பைக் கழற்றி இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். முட்டுவலி நிஜம்தான் என்று நடையில் தெரிந்தது. அந்த வலியைச் சாக்கு என்று ஒரு வருஷமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததற்காக அப்போது ஒரு வெட்கம் வந்தது.

காப்பி கொடுத்தேன். பாதி குடித்து வைத்தார். அதைக் கவனித்தேன்.

பெட்டி மேஜைமேல் இருந்தது. மறைக்கவில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மூடியைத் தன் பக்கம் திருப்பினார். மூக்கு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். வீட்டுக்காரர் கதவு நிலையில் சாய்ந்து நின்று, சொல்லாதே என்று எனக்குக் கண் காட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அதுல ஒரு தப்பு இருக்கு" என்றேன். "அம்பு இடமாப் போகுது. காலையிலதான் பாத்தேன். எங்க வழக்கத்துல அது..."

"தெரியும்" என்றார். "எங்க அடுத்த வீட்டுல பெரியவரைத் தூக்கும்போ நானும் நின்னேன்."

"வேணும்னு செய்யலை."

டீச்சர் ஆள்காட்டி விரலைக் கரையில் வைத்து ஒரு பக்கம் முழுக்க ஓட்டினார். மூலையில் நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒட்டுற பக்கத்தை மேல பாத்து அடுக்கியிருப்பிய. பொறவு கமுத்தியிருப்பிய. அல்லே?"

எனக்குக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. அவருக்கு அரை நிமிஷம் ஆகவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நான் டிரெயினிங் படிக்கும்போ ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு இடது கை வெட்டினேன். இதேதான். துணியைத் திருப்பிப் போட்டு வெட்டிட்டேன். எங்க டீச்சர் அதை என்னையே தைக்க வச்சு, போட்டுட்டு கிளாஸ் முன்னால நிக்கச் சொன்னாங்க." ஒரு கையை மடக்கிக் காட்டினார். "வலது கையை நேரா வைக்க ஒக்கவே இல்லை. நாள் முழுக்க இப்படியே நின்னேன்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் மிச்சக் காப்பியை எடுத்துக் குடித்தார்.

"இதை இப்போ கொண்டு போகலை" என்றார். "திருத்தித் தாருங்க. வந்து வாங்கிக்கிடுதேன்." பிறகு, "தேய்ப்புப் பெட்டி இருக்கா?" என்று கேட்டார்.

இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஈரத் துணியைக் கரைமேல் நீளவாக்கில் மடித்துப் போட்டு, நுனிச் சூட்டால் அழுத்தினார். உஸ்ஸென்று ஆவி வந்தது. "இப்போ கிளப்புங்க" என்றார். நான் பேனாக்கத்தியால் கிளப்ப, இளகிய பசையோடு கரை எழுந்து வந்தது. பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. கழுத்துப்பட்டைத் துணி ஒட்டிப் பழகிய கை. எந்தச் சூட்டில் பசை இளகும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

இரண்டு ஈர்க்கு ஒடிந்துபோயின. மறுபடி கட்டை அடுக்கி அறுக்க வேண்டும்.

"அடுத்த ஞாயிறு முடியுமா?" என்றார்.

நூல் நுழையும் இடம்

அடுத்த ஞாயிறு முடியவில்லை. கட்டை ஒட்டின நிலையில் இருந்தது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, அடுக்கின ஓட்டம் கோணல் என்றார். துணியில் நூலோட்டம் பார்க்கிற மாதிரி மரத்திலும் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பார்த்தேன். கோணல்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறு கரை இறங்கியிருந்தது, வலமாக. டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். வெள்ளை நூலை ஒரு சாண் அறுத்து, நுனியை நாவில் தொட்டு முறுக்கி, மூடியின் ஒரு மூலையில் வைத்துத் தள்ளினார். நூல் உள்ளே போய்விட்டது.

"நூல் போகுதே" என்றார். அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்தால் தெரியாத இடைவெளி. நான் அளவுகோல் வைத்துப் பார்த்த மூலை அது. முப்பத்து சொச்ச வருஷம் கோடு போட்ட என் கை ஒரு தையல் நூலிடம் தோற்றது. அன்றிரவு எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை என்றால் பாருங்கள்.

"இதென்ன பெட்டியா, பி.எச்.டி.யா?" என்றார் வீட்டுக்காரர், டீச்சர் போன பிறகு. ஆனால் ஞாயிறு பத்தரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு, மேஜையிலிருந்து தன் பேப்பரை எடுத்து மடித்து வைத்துவிடுவார். எனக்காக ஒருநாளும் அதைச் செய்ததில்லை. டீச்சர் ஒரே ஒருதரம், "உமா அப்பா, இது வேலை செய்யுத எடம்லா?" என்று கேட்டிருந்தார்.

மூன்றாவது வாரம் எங்களோடு சாப்பிட்டார். நான்காவது வாரம் புளிசேரியில் வெந்தயம் கூடுதல் என்றார். அதுவும் உண்மை. வெனீர் அடுக்கும்போது அவர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடிப்போம். முறுக்குகிற வேலை வீட்டுக்காரருக்கு. உமா சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று டீச்சர் கேட்பார். சாமுக்குப் பத்து வயது வரை இருட்டென்றால் பயம் என்று சொல்லுவார். சாமின் அப்பா போன பிறகு வந்த வருஷங்களைப் பற்றி ஒருதரம் சொன்னார், தலையை நிமிர்த்தாமல், பசை தடவிக்கொண்டே.

எல்லாம் பேசினோம். அந்தப் பெஞ்சைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். அப்போது பார்த்து, "பசை கொஞ்சம் இறுகிட்டோ?" என்று எதையாவது கேட்டு வைப்பேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் தப்பித்துக்கொள்கிறது.

ஒரே ஒரு அம்பு

கடைசியில் முடிந்தே போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். வலமாக, மூலைக்கு மூலை பிசகாமல், நூலென்ன, காற்றுகூட நுழையாது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இனி டீச்சர் வருவதற்கு ஒரு காரணமும் இல்லையே என்றுதான் தோன்றியது.

வீட்டுக்காரர் புரிந்துகொண்டார். அவர் இப்படி எப்போதாவது புரிந்துகொள்வதுண்டு.

"ஒரே ஒரு அம்பை மட்டும் எடுத்துத் திருப்பி வச்சிரு" என்றார். "அடுத்த ஞாயிறும் வருவாங்க."

இடுக்கியைக் கையில் எடுத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு அம்புக்கு நேரே பிடித்தும் பார்த்தேன். பிறகு வைத்துவிட்டேன். இந்தப் பெட்டியில் இதுவரை நடந்த தப்பெல்லாம் தெரியாமல் நடந்தது. தெரிந்து ஒன்றைச் செய்து அவரை வரவழைத்தால், அன்றைக்குப் படிக்கட்டில் தெரிந்தே கூப்பிடாமல் விட்டவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

மறுநாள் டீச்சர் வந்தார். நூலை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். எட்டாவது முயற்சியிலும் போகவில்லை. நூலைச் சுருட்டிக் கண்டில் செருகினார். விரலைக் கரைமேல் வைத்து ஒரு முழுச் சுற்று வந்தார், வலமாக.

"கொள்ளாம்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பசை வாசனை என்று சொல்லி உள்ளே போனேன். அவர் பெட்டியைத் துவர்த்துத் துண்டில் சுற்றிக் குழந்தையைப்போல இடுப்போடு அணைத்து எடுத்துக்கொண்டு சாமின் காரில் போனார். மிச்சமிருந்த ஈர்க்குகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். மேஜை துடைத்து வெறுமையாக இருந்தது. மூன்று ஞாயிற்றுக்குப் பிறகு முதல்தரமாக மத்தியானம் அதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெந்தயம் கூடுதல் என்று சொல்ல ஆள் இல்லை.

வெறுங்கை

அதற்கு அடுத்த ஞாயிறு. நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, பழைய நைட்டியோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் டீச்சர். தோளில் கைப்பை, கையில் குடை. வேறொன்றும் இல்லை. சாம் கார் இல்லை. பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"பெட்டியில எதாவது குறை வந்துட்டா?" என்றார் வீட்டுக்காரர், அவசரமாகப் பேப்பரை மடித்துக்கொண்டே.

"ஒரு குறையும் இல்லை."

தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். மேஜைமேல் பசை இல்லை, வெனீர் இல்லை, ஆளுக்கொரு முனை பிடிக்க எதுவும் இல்லை. கீரையையும் அடுக்களையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இரண்டு பேர் கையும் சும்மா இருந்தது.

பிறகு நான் பேசினேன்.

"டீச்சர், அன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்து உங்களை வீட்டுக்கு வாங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன். அதைச் சொல்ல வாய் வராமத்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நீங்க கூப்பிட்டிருந்தாலும் அன்னைக்கு நான் வந்திருக்க மாட்டேன்" என்றார். "எனக்கும் கோவம்தான். நீங்க ஒருபக்கம் அழுதிய, நான் ஒருபக்கம் அழுதேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஆனா கூப்பிட்டிருக்கணும்."

"கூப்பிட்டிருக்கணும்" என்றேன்.

"அந்த மூடியைத் திருத்த ஆறு ஞாயித்துக்கிழமை ஆச்சு" என்றார் டீச்சர். "இதைத் திருத்த எத்தனை ஆகும்னு நீங்களே சொல்லுங்க."

வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.